இதழின் எண்ணை ஆளின் தலையில் கட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

மண்டபம் முதல் தொண்டி வரை கடல் ஆய்வுக்கூடங்களும் கல்லூரிகளும் நிறைந்த கரை என்பதாலோ என்னவோ, ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வரும் கடிதங்களில் ஆய்விதழுக்குத் தரும் இம்பாக்ட் ஃபாக்டர், ஆய்வாளருக்குத் தரும் எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் எண்கள் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. (ஒரு கட்டுரை இன்னொன்றைத் துணைநூல் பட்டியலில் குறிப்பிடுவதே மேற்கோள்.) இந்த இதழில் இடம் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். ‘இம்பாக்ட் ஃபாக்டர் 7.8, மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் 2,500 ரூபாய்’ என்று ஓர் ஆய்விதழிலிருந்து மெயில் வந்திருக்கிறது. பணம் கட்டலாமா?
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

கட்டாதீர்கள் ஐயா. மூன்று நாளில் ஒரு கட்டுரையைத் துறை அறிந்த இருவர் படித்து, குறை சொல்லி, அதை எழுதியவர் திருத்தி அனுப்பி முடிக்க முடியாது. முறையான இதழ்களில் இதற்கு வாரக்கணக்கில், பல நேரம் மாதக்கணக்கில் ஆகும்.

அந்த 7.8 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆய்வுலகம் இம்பாக்ட் ஃபாக்டர் என்று சொல்வது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்’ தொகுப்பில் உள்ள எண்ணை மட்டுமே. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறு யாரோ போட்டுக்கொடுத்த எண்.

சரிபார்க்கக் காசு செலவில்லை. இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (எட்டு இலக்கம், நடுவில் ஒரு கோடு) எடுத்து, கிளாரிவேட்டின் ‘மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்’ பக்கத்திலும், ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸின் ‘சோர்சஸ்’ பக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம். நல்ல இதழின் பெயரையே வைத்துப் போலி இணையதளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் இதழ் இருந்தாலும் மெயிலில் உள்ள சுட்டியைத் தொடாமல், பட்டியலில் கொடுத்திருக்கும் முகவரி வழியாகவே போக வேண்டும். ஸ்கோபஸில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவும். சில இதழ்களை நடுவிலேயே நீக்கியிருப்பார்கள்.

ஐஎஸ்எஸ்என் இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது. அது வெறும் அடையாள எண். ‘யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது’ என்ற வாசகமும் இனி உதவாது, தான் ஏற்ற இதழ்களின் அந்தப் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னொன்று: 2,500 ரூபாய் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. ஒருமுறை அங்கே வெளியான கட்டுரையை வேறு நல்ல இதழ் ஏற்காது. மகளின் உழைப்பே அதோடு போய்விடும்.

கேள்வி: கஞ்சிப்பாசி வளர்ப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 3க்கு மேல் இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார் நெறியாளர். அந்த எண் என் கட்டுரையைப் பற்றி என்ன சொல்கிறது?
– ஆய்வு மாணவி, மண்டபம்

உங்கள் கட்டுரையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஓர் இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 150 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2024இல் வெளிவந்த மற்ற கட்டுரைகள் அந்த இரண்டாண்டுப் பக்கங்களை 450 முறை மேற்கோள் காட்டின. 450ஐ 150ஆல் வகுத்தால் 3.0. இதுதான் அந்த இதழின் 2024ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபாக்டர். 2025 ஜூனில் வெளியாகியிருக்கும். அந்த 450இல் 250 மேற்கோள்களைப் பத்தே கட்டுரைகள் வாரிக்கொண்டிருக்கலாம். மீதி 140 கட்டுரைகளுக்கு 200தான். பலவற்றுக்கு ஒன்று, இரண்டு, சிலவற்றுக்குப் பூஜ்யம். வகுப்பு சராசரியைச் சொல்லி ஒரு மாணவியின் மார்க் என்று எழுதுவதுபோலத்தான் இதழின் எண்ணைக் கட்டுரையின் மேல் எழுதுவது.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். ‘நேச்சர்’ இதழே 2005இல் தன் தலையங்கத்தில் ஒப்புக்கொண்டது: முந்தைய எண்ணில் 89 சதவீதத்தைக் கொண்டுவந்தவை வெறும் 25 சதவீதக் கட்டுரைகள். இதைவிட வேடிக்கை ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ இதழின் கதை. 2008இல் 2.051 ஆக இருந்த அதன் எண் 2009இல் 49.926 ஆகிவிட்டது. படிக அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் அங்கே எழுதிய ஒரே கட்டுரைதான் காரணம். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லாரும் அதை மேற்கோள் காட்டினார்கள். இரண்டாண்டுச் சாளரத்தைவிட்டு அந்தக் கட்டுரை வெளியேறியதும், 2011இல், எண் பழையபடி 2.076. இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதிய மற்றவர்கள் ஒரே இரவில் மேதைகளாகி, மறுபடி சாதாரணர்களானார்களா?

கணக்கிலேயே ஒரு கோணலும் உண்டு. வகுத்தலில் மேலே வரும் மேற்கோள் எண்ணிக்கையில் தலையங்கம், வாசகர் கடிதம், செய்திக்குறிப்பு ஆகியவற்றுக்கு வந்த மேற்கோள்களும் சேரும். கீழே வகுப்பதற்கோ ஆய்வுக் கட்டுரைகளையும், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளையும் மட்டுமே எண்ணுகிறார்கள். மீளாய்வுகளை அதிகம் போடும் இதழின் எண் தானாக ஏறும், ஏனென்றால் அவற்றை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். கடலில் பாசி கட்டி, பருவம் பார்த்து, அறுவடை எடை போட்டு எழுதும் துறையில் உங்களைப் படித்துவிட்டு இன்னொருவர் சோதனை செய்து வெளியிடவே இரண்டு ஆண்டு ஓடிவிடும். அந்த மேற்கோள் சாளரத்துக்கு வெளியே விழும்.

இந்த எண்ணை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் 1960களில் யோசித்தது, மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்பதை. பிறகு நூலகங்கள் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க அதை எடுத்துக்கொண்டன. ஆளை எடைபோடும் வேலை அதன் மேல் பின்னால் ஏற்றப்பட்டது.

நெறியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த ‘3’ அவருடைய விருப்பமா, பல்கலைக்கழக விதியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயத்தை யுஜிசி 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்திருக்கலாம். இதழைத் தேர்ந்தெடுக்க எங்கள் யோசனை: உங்கள் கட்டுரை அதிகம் சார்ந்திருக்கும் ஐந்தாறு கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். உங்களைப் படிக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவற்றில் எண் கூடியதை நெறியாளரிடம் காட்டினால் இருவருக்கும் திருப்தி.

கேள்வி: பணி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். நான்கு பேர் எழுதிய கட்டுரை, நான் முதல் ஆசிரியர். இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் 2.4. எத்தனை புள்ளி?
– உதவிப் பேராசிரியர், கீழக்கரை

யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை இணைப்பில் உள்ள அட்டவணைப்படி, அறிவியல் கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 8. மொழி, கலை, சமூக அறிவியல் என்றால் 10. அதற்கு மேல் இதழுக்கேற்ற கூடுதல்: இம்பாக்ட் ஃபாக்டர் இல்லாத, ஆனால் துறை அறிந்தவர்கள் மதிப்பிட்டு வெளியிடும் இதழுக்கு 5, 1க்குக் கீழ் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, 10க்கு மேல் 30. உங்களுக்கு 8 + 20 = 28. இருவருக்கு மேல் எழுதியதால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு கொள்பவர்) 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். ஆக உங்களுக்கு 19.6, மற்ற மூவருக்கும் தலா 8.4.

கூட்டிப் பார்த்தீர்களா? 19.6 + 25.2 = 44.8. 28 மதிப்புள்ள கட்டுரை நால்வர் கையில் 44.8 ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் உங்கள் பங்கு குறையாது, அவர்களுக்கு ஆளுக்கு 8.4 கிடைக்கும். வேலையே செய்யாத பெயர்கள் ஆசிரியர் வரிசையில் ஏறுவதற்கு இந்தக் கணக்கே ஒரு தூண்டுதல் என்பது எங்கள் கருத்து.

சிக்கல் வருவது எல்லைக்கோட்டில். 2023இல் வந்த தொகுப்பிலிருந்து கிளாரிவேட் இந்த எண்ணை ஒரே தசம இடத்தோடு வெளியிடுகிறது. முன்பு 1.96 என்று அச்சாகியிருக்கும் இதழ் இப்போது 2.0 என்று நிற்கும். ‘1 முதல் 2’ என்ற கட்டத்திலா, ‘2 முதல் 5’ என்ற கட்டத்திலா? விதியில் தெளிவில்லை, 5 புள்ளி தொங்குகிறது. அடுத்தது, எந்த ஆண்டின் எண்? கட்டுரை வெளியான ஆண்டினதா, விண்ணப்பிக்கும் நாளில் இருப்பதா? உங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விதியில் ‘தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தப் பிரிவு 2016இலேயே கைமாறி கிளாரிவேட் ஆகிவிட்டது; 2018இல் எழுதிய விதி பழைய பெயரையே சொல்கிறது. அந்த ஆண்டுக்கான பக்கத்தைத் தேதியோடு அச்சிட்டு இணைத்தால் பிறகு கேள்வி எழாது.

கேள்வி: கடல் அட்டை, நண்டு இனங்களை அடையாளம் காணும் வகைப்பாட்டியல் என் துறை. மூன்று ஆண்டுக்கு முன் வந்த என் கட்டுரைக்கு 4 மேற்கோள். நானோ பொருள் துறையில் இருக்கும் என் அறைத் தோழனின் அதே வயதுக் கட்டுரைக்கு 18. நான் துறை மாற வேண்டுமா?
– ஆய்வு மாணவர், தொண்டி

மாற வேண்டாம் தம்பி. 4ஐயும் 18ஐயும் பக்கத்தில் வைத்ததுதான் பிழை.

சரியான ஒப்பீட்டுக்கு ஒவ்வொன்றையும் அதன் துறை, ஆண்டு, கட்டுரை வகை ஆகியவற்றின் சராசரியால் வகுக்க வேண்டும். உங்கள் துறையில் அதே ஆண்டுக் கட்டுரையின் சராசரி 2 என்றால் உங்களுக்கு 4 ÷ 2 = 2.0. அவர் துறையில் சராசரி 24 என்றால் 18 ÷ 24 = 0.75. 1 என்பது உலக சராசரி. (இந்தச் சராசரிகள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை.) ஸ்கோபஸ் தரவில் துறைவாரியாகச் சமன்செய்த மேற்கோள் எண் என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் இது இருக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். அங்கே துறை என்பது கட்டுரையைப் படித்து முடிவு செய்தது அல்ல, இதழ் எந்தத் துறையில் சேர்க்கப்பட்டிருக்கிறதோ அதுதான். வகைப்பாட்டுக் கட்டுரையைப் பொதுவான கடல் சூழலியல் இதழில் வெளியிட்டால் சூழலியல்காரர்களோடு ஓட வேண்டியிருக்கும். தவிர, நான்கைந்து கட்டுரை மட்டுமே உள்ளவரின் சராசரியை ஒரே கட்டுரை புரட்டிப் போட்டுவிடும்.

உங்கள் துறைக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. கஞ்சிப்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘கிராசிலாரியா எடுலிஸ் (எஸ். ஜி. க்மெலின்) பி. சி. சில்வா’ என்று முழுப்பெயர் எழுதுகிறோம். க்மெலின் அந்த இனத்தை விவரித்தது 1768இல். அவர் பெயர் எத்தனையோ கட்டுரைகளில் இனப்பெயரோடு அச்சாகிறது. ஆனால் துணைநூல் பட்டியலில் அவருடைய நூலைச் சேர்ப்பவர்கள் குறைவு, சேர்க்காவிட்டால் மேற்கோளாக எண்ணப்படாது. இனத்தை முதலில் விவரித்தவரின் உழைப்பை எல்லாரும் பயன்படுத்துவார்கள், கணக்கில் வராது. உங்களால் ஆன ஒன்று, உங்கள் கட்டுரையில் இனத்தை விவரித்த மூலக் கட்டுரைகளைத் துணைநூல் பட்டியலிலும் சேருங்கள்.

சாளரத்தின் குறுகலும் உங்களைத்தான் அதிகம் தாக்கும். மண்டபம் முகாமில் 1958இல் தொடங்கிய இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழ் 1959இலிருந்து வருகிறது. இன அடையாளத்துக்கு அதன் பழைய தொகுதிகளை இன்றைக்கும் புரட்டியாக வேண்டும். இரண்டாண்டுச் சாளரத்தில் அந்தப் பயன்பாட்டுக்கு இடமே கிடையாது. 2020இல் வகைப்பாட்டியலின் மிகப் பெரிய இதழான ‘ஸூடாக்ஸா’வை, தன்னைத் தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று கிளாரிவேட் பட்டியலிலிருந்து நிறுத்தியது. புது விலங்கினங்களின் விவரிப்பில் கணிசமான பங்கு அந்த ஒரே இதழில் வரும்போது அதை மேற்கோள் காட்டாமல் யாரைக் காட்டுவது? உலகெங்கும் வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்ப, சில வாரங்களில் மீண்டும் சேர்த்தார்கள். எண்ணைப் போடுகிறவர்களுக்கே துறையின் பழக்கம் பிடிபடாத இடம் அது.

கேள்வி: ஒரே இதழை ஒருவர் ‘க்யூ1’ என்கிறார், இன்னொருவர் ‘க்யூ3’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, ஏர்வாடி

இருவருமே சரியாக இருக்கலாம். துறைப் பட்டியலை எண் வரிசையில் நான்காகப் பிரித்து மேல் கால்பங்கை க்யூ1 என்கிறார்கள். ஓர் இதழ் ‘மீன்வளம்’, ‘சூழலியல்’ இரண்டிலும் இருந்தால் முதலாவதில் க்யூ1, இரண்டாவதில் க்யூ3 என்று நிற்கும். கிளாரிவேட் ஒரு வரிசை போடுகிறது, ஸ்கோபஸ் தரவை வைத்து சிமாகோ என்ற தரவரிசைத் தளம் வேறு வரிசை போடுகிறது. எந்தப் பட்டியல், எந்தத் துறை, எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாமல் ‘க்யூ1’ என்று எழுதினால் அதற்குப் பொருளில்லை.

மீன்வளத் துறையில் இருந்தால் இன்னொரு பொறி: தேசிய வேளாண் அறிவியல் கழகத்தின் நாஸ் மதிப்பெண். இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழுக்கு அதோடு 6ஐக் கூட்டித் தருவது அவர்கள் வழக்கம். நாஸ் 6.8 என்பதை இம்பாக்ட் ஃபாக்டர் 6.8 என்று விண்ணப்பத்தில் எழுதியவர்கள் உண்டு. உண்மையில் அது 0.8.

கேள்வி: எங்கள் கடலைப் பற்றி இத்தனை கட்டுரை எழுதுகிறார்களே, மேற்கோள் கூடினால் எங்களுக்கு ஏதாவது நன்மை உண்டா?
– மீனவர் சங்க நிர்வாகி, பாம்பன்

நேரடியாகக் கிடையாது. மேற்கோள் என்பது ஓர் ஆய்வாளரை இன்னொரு ஆய்வாளர் குறிப்பிட்டதற்கான கணக்கு. அது பாராட்டா மறுப்பா என்றுகூட எண்ணுக்குத் தெரியாது. குருசடைத் தீவில் கப்பாஃபைகஸ் பாசி பவளப்பாறைமேல் படர்ந்துவிட்டதாக 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாசி வளர்ப்பு வேண்டும், வேண்டாம் என்ற வாதம் எழும்போதெல்லாம் அது பேசப்படுகிறது. அதை ஏற்பவரும் மேற்கோள் காட்டுவார், மறுப்பவரும் காட்டுவார். இரண்டும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். கரண்ட் சயின்ஸ் பெரிய இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள இதழும் அல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை போல உங்கள் பிழைப்பைத் தொடும் முடிவுகளுக்குப் பின்னால் அரசுக்குத் தரும் அறிக்கைகள், பிடிப்புக் கணக்கு, பயிற்சி, தமிழ்க் கையேடு எல்லாம் உண்டு. இவை மேற்கோள் தரவுத்தளத்தில் வருவதில்லை. நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. தரவு கேட்டு வரும் ஆய்வாளரிடம், முடிவை இரண்டு பக்கத் தமிழில் சங்கத்துக்குத் தர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது பயன்பட்டால் எந்த ஊரில், எதற்கு, எத்தனை படகுக்கு என்று சங்கத்தின் தாளில் கடிதம் கொடுங்கள். பணி மதிப்பீட்டில் அவர் அதைச் சான்றாக வைக்க முடியும், அடுத்த முறை உங்களைத் தேடியும் வருவார்.

கேள்வி: ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு 30 விண்ணப்பம். தேர்வுக் குழுவில் நான்கு பேர். எல்லாக் கட்டுரையையும் படிக்க நேரம் ஏது? இம்பாக்ட் ஃபாக்டரைக் கூட்டி வரிசைப்படுத்துவதுதானே வழி?
– குழு உறுப்பினர், ராமநாதபுரம்

கூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். வெவ்வேறு இதழ்களின் சராசரிகளைக் கூட்டினால் வருவது எதனுடைய அளவு? ‘மொத்த இம்பாக்ட் ஃபாக்டர் 47.3’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கணக்குத் தெரிந்த எவரும் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

நேரம் உண்டு, இப்படிப் பாருங்கள். கல்வித் தகுதி, பாடப்பிரிவுப் பொருத்தம் பார்த்து 30ஐ 8 ஆக்குங்கள். அந்த எட்டுப் பேரும் தங்கள் சிறந்த இரண்டு கட்டுரைகளைத் தரட்டும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுத வேண்டும்: கேள்வி என்ன, தான் செய்த வேலை எது, என்ன தெரியவந்தது, யார் பயன்படுத்தினார்கள். ‘தான் செய்த வேலை’க்கு கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைப் பட்டியல் இருக்கிறது, திட்டமிடல், களப்பணி, தரவுப் பகுப்பாய்வு, எழுத்து என்று குறிக்கச் சொல்லலாம். 16 கட்டுரை, ஒவ்வொன்றையும் இருவர் படிப்பது என்றால் ஆளுக்கு 8. ஒன்றுக்கு முக்கால் மணி வைத்தால் 6 மணி நேரம். முப்பது ஆண்டு பணியில் இருக்கப்போகிறவருக்கு ஒரு நாள் செலவிடுவது அதிகமில்லை. அச்சான வடிவத்துக்குப் பதில் இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப்படியைக் கேட்டால் இதழின் பெயர் கண்ணில் படாது.

எண் பார்த்தே தீர வேண்டும் என்றால் கட்டுரையின் சொந்த மேற்கோளைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே தரவுத்தளம், ஒரே நாள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைத் தனியே பிரிக்க வேண்டும். பட்டம் பெற்று மூன்றாண்டானவரைப் பதினைந்து ஆண்டானவரோடு ஒப்பிடாதீர்கள். குழுவில் யாராவது ஆட்சேபித்தால், 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவாகி 2013இல் வெளியான, ஆய்வு மதிப்பீடு பற்றிய ‘டோரா’ பிரகடனத்தைக் காட்டலாம்: பணி நியமனம், பதவி உயர்வு, நிதி ஆகியவற்றில் கட்டுரையின் தரத்துக்குப் பதிலியாக இதழின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் முதல் பரிந்துரை.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் என் எச்-இண்டெக்ஸ் 11, ஸ்கோபஸில் 6. எதை எழுதுவது?
– உதவிப் பேராசிரியை, ராமேஸ்வரம்

எதைக் கேட்கிறார்களோ அதை. ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன இந்த அளவின்படி 11 என்றால், உங்கள் கட்டுரைகளில் 11க்குத் தலா குறைந்தது 11 மேற்கோள் உண்டு என்று பொருள். கூகுள் ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, இணையத்தில் ஏற்றிய வரைவு எல்லாவற்றிலும் உள்ள மேற்கோளை எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளுக்குள்தான் எண்ணும். ஆகவே ஸ்கோபஸ் எண் குறைவாக இருப்பது இயல்பு. 11க்கும் 6க்கும் இடையே இவ்வளவு தூரம் என்றால் உங்கள் பெயர் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் பெயர் முறைக்கும் அந்தத் தரவுத்தளங்களுக்கும் ஒத்துப்போவதில்லை. ‘கே. மலர்விழி’ ஒரு கட்டுரையில் ‘மலர்விழி கே.’, அடுத்ததில் தந்தை பெயரை விரித்து ‘மலர்விழி கருப்பையா’, திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தே மாறி ‘எஸ். மலர்விழி’. இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். ஸ்கோபஸில் சந்தா இல்லாமலே ஆசிரியர் தேடல் உண்டு. எல்லா வடிவத்திலும் தேடி, உங்களுடைய சுயவிவரங்கள் அத்தனையையும் குறித்து, இணைக்கும்படி விண்ணப்பியுங்கள். இணைத்தால் எண் பொதுவாகக் கூட்டுத்தொகை ஆகாது. 6ம் 4ம் சேர்ந்து 7 ஆகலாம், 6 ஆகவே நிற்கவும் செய்யலாம். இனி ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் ஒன்றை இலவசமாகப் பதிந்து ஒவ்வொரு கட்டுரையோடும் தாருங்கள்.

கூகுளில் எதிர்ப்பக்கச் சிக்கல். உங்கள் பெயரில் உள்ள வேறொருவரின் கட்டுரைகளை அது தானாகவே சேர்த்துவிடும். அமைப்பில் தானியங்கிச் சேர்ப்பை நிறுத்தி, உங்களுடையது அல்லாதவற்றை நீக்குங்கள். பிறகு விண்ணப்பத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் இருக்கட்டும்.